ஷெஃபீல்டில் எங்கே தங்குவது? விடுதி, மேட்டு வீடு, லண்டன் ரோடு, டிராம் பாதை: ஒரு ஒப்பீடு

ஆடி பிறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். “அண்ணா, ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. கிடைத்துவிட்டது. விசாவும் வந்துவிட்டது. தங்குவதற்குத்தான் குழப்பம். ஹாஸ்டலில் வாரம் 165 பவுண்டு கேட்கிறார்கள். க்ரூக்ஸ் பக்கம் ஒரு வீட்டில் அறை 105-க்கு இருக்கிறதாம். எதை எடுக்க?” தொகை மாறும், பேட்டையின் பெயர் மாறும், கேள்வி மாறாது.

கேட்பதற்கு முன்பே யாராவது ஒரு சீனியர், “105-ஐ எடு, மீதியை மிச்சம் பிடி” என்று சொல்லியிருப்பார். சில பேருக்கு அது சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. ஒன்று, ஷெஃபீல்டின் மேடு. இன்னொன்று, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் மாறும் வாடகைச் சட்டம். இரண்டாவதைச் சீனியர் சொல்லியிருக்கவே முடியாது. அவர் வீடு எடுத்தது பழைய சட்டத்தில்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள். ஊரில் இரண்டு இருக்கின்றன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் நகர மையத்துக்கு மேற்கே, வெஸ்டர்ன் பேங்க் சரிவில் பரந்து கிடக்கிறது. ஷெஃபீல்டு ஹாலமின் முக்கிய வளாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஹாலமுக்கே காலேஜியட் என்று இன்னொரு வளாகம் எக்லசால் ரோடை ஒட்டி இருக்கிறது. ஒருவருக்கு அடுத்த தெரு, இன்னொருவருக்கு அரை மணி நேர நடை. வகுப்பு எந்த வளாகத்தில் என்று தெரியாமல் வீடு தேடுவதில் பயனில்லை.

அடுத்து, வாடகையை வார விலையாகப் பார்க்காமல் ஆண்டு முழுக்க ஆகும் செலவாகப் பாருங்கள். வாரம் 100 பவுண்டு என்றதும் மாதம் 400 என்று மனது போட்டுக்கொள்ளும். ஆண்டுக்கு 52 வாரம். அப்படிப் பார்த்தால் மாதம் 433. ஒப்பந்தம் 44 வாரத்துக்கா, 51 வாரத்துக்கா என்பதும் முக்கியம். முதுகலை ஆய்வேடு செப்டம்பர் வாக்கில்தான் முடியும். 44 வார ஒப்பந்தம் மொத்தத்தில் மலிவாகத் தெரியும். ஆனால் ஆய்வேடு எழுதும் நடுக்கோடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு அறை தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஏற்றம். நகர எல்லைக்குள் மிகத் தாழ்வான இடம் கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர், மிக உயரமானது 548 மீட்டர். உச்சி பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்துத் தரிசு நிலம், அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் குடியிருப்புத் தெருக்களும் லேசுப்பட்டவை அல்ல. 2014-ல் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் நாள் ஓட்டம் இந்த ஊரில் முடிந்தது. அன்றைய கடைசி ஏற்றமாக வைத்த ஜென்கின் ரோடு சாதாரண வீடுகள் இருக்கும் தெரு. அதன் செங்குத்தான பகுதியில் சரிவு 33 சதவீதம். அதனால் வரைபடத்தில் “ஒரு மைல்” என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். சைக்கிள் வழியைத் தட்டினால் ஏற்ற இறக்கத்தையும் காட்டும், அதைப் பாருங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நனைந்த சரிவில் இருட்டில் ஏறி வருவதைக் கற்பனை செய்துகொண்டு முடிவெடுங்கள்.

நான்காவது, நடுவில் வெளியேற வேண்டுமானால் வழி உண்டா. ஐந்தாவது, அடுப்பு. தாளித்துச் சமைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆறாவது, குளிரும் சுவர் ஈரமும்.

ஒரு பார்வைக்கு:

| | மைய விடுதி | மேற்கு மேடு | லண்டன் ரோடு பக்கம் | டிராம் பாதை |
|---|---|---|---|---|
| வாடகை | அதிகம், பில் உட்பட | நடுத்தரம், பில் பெரும்பாலும் தனி | நடுத்தரம் முதல் குறைவு வரை | குறைவு |
| ஏற்றம் | கொஞ்சம் | கடுமை | அதிகமில்லை | பாதையை ஒட்டியிருந்தால் இல்லை |
| நடுவில் விலக | மாற்று ஆள் வேண்டும் | 2 மாத அறிவிப்பு | 2 மாத அறிவிப்பு | 2 மாத அறிவிப்பு |
| சமையல் | இடைஞ்சல் | வசதி | மிக வசதி, கடையும் அருகில் | வசதி |
| யாருக்கு அருகில் | இருவருக்கும் | ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் | ஹாலம் | இருவருக்கும், டிராமில் |

## நகர மைய விடுதி

வெஸ்ட் ஸ்ட்ரீட், ஷேல்ஸ்மூர், செயின்ட் மேரிஸ் கேட் என்று நகர மையத்தைச் சுற்றிப் பல மாடி மாணவர் விடுதிகள் முளைத்திருக்கின்றன. குளியலறையோடு ஓர் அறை, ஐந்தாறு பேருக்கு ஒரு பொதுச் சமையலறை. இல்லாவிட்டால் அறைக்குள்ளேயே அடுப்பு வைத்த ஸ்டூடியோ. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் எல்லாம் வாடகைக்குள் அடங்கும். ஊரில் இருந்தபடியே இணையத்தில் பதிவு செய்துவிடலாம். முன்பின் தெரியாத நாட்டில் இறங்கும் இரவில், வரவேற்பறையில் ஓர் ஆள் சாவியோடு உட்கார்ந்திருப்பது பெரிய நிம்மதி. அதற்கு விலை உண்டுதான், ஆனால் அந்த விலைக்கு ஒரு நியாயமும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்களுக்குச் சொன்ன வாடகையை அதில் போட்டுக்கொள்ளுங்கள். விடுதி வாரம் 165 பவுண்டு, 51 வாரம்: 8,415. வீட்டு அறை வாரம் 105, 52 வாரம்: 5,460. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையத்தில் உங்கள் பங்கு வாரம் 18 என்று வைத்தால் 936. வீட்டின் மொத்தம் 6,396. வித்தியாசம் ஏறக்குறைய 2,000 பவுண்டு. வார விலையைப் பார்த்ததும் 3,000 மிச்சம் என்று தோன்றியது இப்படித்தான் சுருங்கும். வீடு மேட்டில் இருந்து, வாரம் நான்கு நாள் பேருந்தில் போய் வந்தால் இன்னும் சுருங்கும். பேருந்துக் கட்டணத்துக்கு ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது. போக வர 6, வாரம் 24, முப்பது வாரத்துக்கு 720.

விடுதியின் மறைமுகச் செலவு பணத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நடைமுறை விதிகளில் சேர்ந்திருக்கும் பெரிய மாணவர் விடுதிகளுக்குப் புதிய வாடகைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. 51 வாரம் என்று கையெழுத்திட்டால் 51 வாரத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. நவம்பரில் பக்கத்து அறைக்காரர் பிடிக்கவில்லை என்றோ, லீட்ஸில் வேலை கிடைத்தது என்றோ கிளம்ப முடியாது. உங்கள் இடத்துக்கு இன்னொரு மாணவரைப் பிடித்துத் தர வேண்டும். மாணவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எங்காவது கையெழுத்துப் போட்டுவிட்ட நவம்பரில் அந்த இன்னொருவர் கிடைப்பது அபூர்வம்.

அடுப்பும் ஒரு தலைவலி. கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகிய புகைக்கு இந்தக் கட்டடங்களின் புகைக் கருவி உடனே அலறும். கட்டடம் முழுக்க இறங்கி வாசலில் நிற்க வேண்டியிருக்கும், இரவு 10 மணி ஆனாலும் சரி. ஸ்டூடியோ என்றால் படுக்கையும் துணியும் சாம்பார் வாசனையிலேயே இருக்கும். சமைக்காதவருக்கும் ரசம், தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கும் இது பொருட்டில்லை.

இங்கிலாந்தில் ஜாமீன் நிற்க ஆள் இல்லாதவர், தனியாக வருபவர், படிப்பு ஒரே ஆண்டு என்று உறுதியாகத் தெரிந்தவர் ஆகியோருக்கு விடுதிதான் என் பரிந்துரை. ஆனால் பதிவு செய்யும் முன், பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் எண்ட்க்ளிஃப், ரான்மூர் விடுதிகள் மேற்கே மரங்களுக்கு நடுவில் அழகான இடத்தில் இருக்கின்றன. ஆனால் வகுப்புக்கு நல்ல நடை, இல்லாவிட்டால் 120-ஆம் எண் பேருந்து.

## மேற்கு மேடு: க்ரூக்ஸ்மூர், க்ரூக்ஸ், வாக்லி

ஷெஃபீல்டு பல்கலைக்கழக மாணவர்களின் பாரம்பரியப் பேட்டை இது. விக்டோரியா காலத்து வரிசை வீடுகள், மூன்று மாடி, செங்குத்தான படிக்கட்டு, உச்சியில் கூரைச் சரிவுக்குள் ஓர் அறை. அந்த அறையைத்தான் பெரும்பாலும் கடைசியாக வருபவர் தலையில் கட்டுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் சமையலறை உங்களுடையது, பின்னால் சின்ன முற்றம், பேச்சுத் துணைக்கு ஆள். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். காட்சிக்காக மட்டும் வீடு எடுப்பதென்றால் ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை.

க்ரூக்ஸ்மூர்தான் வளாகத்துக்கு நெருக்கம். அதற்கு மேலே க்ரூக்ஸ், வடக்கே அடுத்த முகட்டில் வாக்லி. மேலே போகப் போக வாடகை குறையும், ஏற்றம் கூடும். கான்டூயிட் ரோடு போன்ற தெருக்களில் கடைச் சாமானோடு ஏறுபவர் நடுவில் ஒருமுறையாவது நின்றுதான் ஆக வேண்டும். காலையில் இறங்குவது சுகம். 10 கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு மாலையில் ஏறும்போதுதான் விளம்பரத்தில் போட்ட “பல்கலைக்கழகத்துக்கு 20 நிமிடம்” எந்தத் திசைக்கு என்று புரியும். பனி பெய்தால் மேட்டுப் பக்கத்துப் பேருந்துகள்தான் முதலில் நிற்கும். அது ஆண்டுக்குச் சில நாள்தான், ஆனால் அதில் ஒன்று தேர்வு நாளாக இருந்துவிடலாம்.

பேருந்திலும் ஒரு சிக்கல். 1986-ல் பேருந்துத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டதிலிருந்து இங்கே ஃபர்ஸ்ட், ஸ்டேஜ்கோச் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒன்றின் பாஸ் மற்றொன்றில் செல்லாது. இரண்டுக்கும் செல்லும் டிராவல்மாஸ்டர் பாஸ் விலை கூடுதல். பேருந்துகளை மறுபடியும் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர 2025 மார்ச்சில் முடிவெடுத்திருக்கிறார்கள். அது தெருவுக்கு வந்து சேரும்வரை, உங்கள் தெருவில் யாருடைய பேருந்து ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பாஸ் வாங்குங்கள்.

குளிர்தான் இந்த வீடுகளின் பெரிய மறைமுகச் செலவு. வெளிச்சுவர் திடச் சுவர், உள்ளே வெப்பத்தைப் பிடித்துவைக்காது. சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். குளிராக இருக்கிறதே என்று ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே துணியைக் காயப்போட்டால் பூஞ்சை இன்னும் பிடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றல் சான்றிதழ் ஒன்று உண்டு, ஏ முதல் ஜி வரை தரம். வாடகைக்கு விடும் வீடு குறைந்தது ஈ தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முகவரியைப் போட்டு அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சி என்று இருந்தால் யோசிக்காமல் மேலே பேசலாம். ஈ என்று இருந்தால், வாரத்துக்கு 10 பவுண்டு குறைவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அந்த 10 பவுண்டை ஜனவரியில் எரிவாயுக் கட்டணம் வாங்கிக்கொள்ளும்.

## புதிய சட்டம் எதை மாற்றுகிறது

இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகளில் பாதி இதனால் காலாவதியாகிறது. 2025 அக்டோபர் 27-ல் ஒப்புதல் பெற்ற வாடகையாளர் உரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் செல்லும். தனியார் வீடுகளுக்குத்தான் இது.

முன்பு வீட்டு ஒப்பந்தம் என்றால் 12 மாதம், நடுவில் விலக முடியாது. இனி குறிப்பிட்ட காலத்துக்கு என்று வீட்டு ஒப்பந்தமே கிடையாது. மாதாமாதம் தொடரும். வாடகைக்காரர் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். ஆகவே பழைய வழக்கம் தலைகீழாகிவிட்டது. கட்டிப்போடுவது விடுதி, அவிழ்த்துவிடுவது வீடு. ஆய்வேடு முடித்து ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுவேன் என்பவருக்கு வீட்டில் ஒரு மாத வாடகையாவது மிச்சம்.

இதில் ஒரு முள் இருக்கிறது. நாலு பேரும் ஒரே தாளில் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால், ஒருவர் விலகல் அறிவிப்புக் கொடுத்தாலே நாலு பேர் ஒப்பந்தமும் முடிந்துபோகும். மற்ற மூவரும் வீட்டுக்காரரிடம் புதிதாகப் பேச வேண்டும். யாரோடு சேர்ந்து எடுக்கிறீர்கள் என்பது எவ்வளவு வாடகை என்பதைவிடப் பெரிய கேள்வி. அறைக்கு அறை தனி ஒப்பந்தம் தரும் வீடு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்காரருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முழுநேர மாணவர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து வாழும் வீட்டை, அடுத்த ஆண்டு மாணவர்களுக்காகக் கோடை மாதங்களில் காலி செய்யச் சொல்லலாம். நாலு மாத அறிவிப்பு வேண்டும், ஒப்பந்தம் குடிபுகுவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னால் போட்டதாக இருக்கக் கூடாது, இப்படிச் செய்யலாம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். படிப்பு முடிந்தும் அதே வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மவர்களை நேரடியாகத் தொடுவது முன்பணம். உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லை என்றால் ஆறு மாதமோ ஓராண்டோ வாடகையை மொத்தமாகக் கொடுத்து வாடகை வீடு பிடிப்பது நம் பிள்ளைகளின் வழக்கம். புதிய சட்டப்படி வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் மொத்தப் பணத்தைக் காட்டி வீடு பிடிக்கும் வழி அடைபட்டுவிட்டதால் ஜாமீன்தாரரைக் கேட்கும் வீட்டுக்காரர்கள் கூடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அந்தக் கட்டணம் திரும்பி வராது. அதையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## லண்டன் ரோடு, ஷாரோ, ஹீலி

பெயர்தான் லண்டன் ரோடு, வாடகை லண்டன் இல்லை. மையத்திலிருந்து தெற்கே போகும் இந்தச் சாலையும், அதைத் தொடரும் ஆபிடேல் ரோடும் பள்ளத்தாக்கின் அடியில் போகின்றன. அதனால் நடப்பவருக்குப் பெரிய ஏற்றம் இல்லை. இரண்டு பக்கமும் சீனக் கடை, துருக்கிக் கடை, ஹலால் இறைச்சி, பாகிஸ்தானியக் கடை. கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், இஞ்சி எல்லாம் பேரங்காடியின் நெகிழிப் பையில் நாலு காம்பாக இல்லாமல் கை நிறையக் கிடைக்கும். 2013-ல் திறந்த மூர் மார்க்கெட்டும் நடக்கும் தூரம்தான். மீன் வாங்க நான் பரிந்துரைப்பது அங்கேதான்.

ஹாலம் மாணவருக்கு என் முதல் தேர்வு இதுவே. ரயில் நிலைய வளாகத்துக்கும் நடக்கலாம், காலேஜியட்டுக்கும் நடக்கலாம். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் அரை மணி நேரம் ஆகும், கடைசியில் கொஞ்சம் ஏற்றமும் வரும்.

குறை இல்லாமல் இல்லை. பிரமல் லேன் கால்பந்து மைதானம் பக்கத்தில். ஷெஃபீல்டு யுனைடெட் ஆடும் நாளில் தெரு நிறையக் கூட்டம், பேருந்து நகராது. லண்டன் ரோட்டின் மேலேயே, கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்தால் வெள்ளி, சனி இரவு உறக்கத்தை மறந்துவிட வேண்டும். இரண்டு தெரு உள்ளே தள்ளி எடுத்தால் நல்லது. ஹீலியில் பிரதான சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் மறுபடியும் மேடு, அங்கே போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## டிராம் பாதை: ஹில்ஸ்பரோ பக்கம்

யாரும் சொல்லாத, ஆனால் கணக்குப் போட்டால் நன்றாக வரும் இடம் இது. ஷெஃபீல்டில் 1994 முதல் சூப்பர்டிராம் ஓடுகிறது. வடமேற்கே மாலின் பிரிட்ஜிலிருந்து ஒரு தடமும் மிடில்வுட்டிலிருந்து ஒரு தடமும் புறப்பட்டு, ஹில்ஸ்பரோவில் சேர்ந்து ஒரே தண்டவாளத்தில் ஊருக்குள் வருகின்றன. அதனால் ஹில்ஸ்பரோவிலிருந்து பாம்ஃபோர்த் ஸ்ட்ரீட், இன்ஃபர்மரி ரோடு வரை எங்கே நின்றாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டாம். இரண்டுமே ஷெஃபீல்டு பல்கலைக்கழக நிறுத்தம் வழியாகப் போகும். ஹாலம் மாணவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். ரயில் நிலையத்துக்குப் போவது மாலின் பிரிட்ஜிலிருந்து வரும் நீலத் தடம். மஞ்சள் தடம் மெடோஹால் பக்கம் திரும்பிவிடும். மெடோஹால் பெரிய கடை வளாகம். அங்கே பகுதிநேர வேலை கிடைத்தவருக்கு மஞ்சள் தடம் வரப்பிரசாதம்.

இது மாணவர் பேட்டை இல்லை, உள்ளூர்க் குடும்பங்கள் இருக்கும் பகுதி. மாணவர்களுக்கென்று விலை வைக்காததால் வாடகை குறைவு. இரவில் அமைதி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன வீடே எடுத்துவிடலாம். ஆனால் வாக்லிச் சரிவில் ஏறாமல், டிராம் ஓடும் லாங்செட் ரோடை ஒட்டியே எடுங்கள். இரண்டு தெரு மேலே போனாலும் டிராமின் பயன் பாதியாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஊரின் இன்னொரு கால்பந்து அணியான ஷெஃபீல்டு வென்ஸ்டேவின் மைதானம் இங்கேதான், ஆட்ட நாளில் டிராமில் நிற்க இடம் இருக்காது. இன்னொன்று ஆறு. லாக்ஸ்லியும் டானும் சேரும் பள்ளம் இது. 2007 ஜூனில் டான் நதி பெருகி ஹில்ஸ்பரோவிலும் கெல்லம் ஐலண்டிலும் வெள்ளம் புகுந்தது. அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் வெள்ள அபாயம் தெரியும். ஆற்றோரத் தரைத்தள அறை மலிவாக வந்தால் அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

## தெரிந்த குடும்பத்தோடு ஓர் அறை

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வாய்ப்பு இது. தமிழ்க் குடும்பமோ மலையாளக் குடும்பமோ, தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக் கவலை இல்லை, ஜாமீன் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதத்துக்கு நல்ல ஏற்பாடு.

ஆனால் வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ், அதே சமையலறையைப் பகிர்ந்து இருப்பவருக்கு மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. போகச் சொன்னால் நியாயமான அவகாசத்தில் போய்விட வேண்டும். ஓர் அறையில் மூன்று மெத்தை போட்டு “ஆளுக்கு 50 பவுண்டு” என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உரிமம் பெற்ற பகிர்வு வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இரண்டு பேர் என்றால் 10.22 இருக்க வேண்டும் என்பது விதி.

நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையில் வேலைக்கு வருபவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. அவர்கள் நகரின் வடக்கே ஃபர்த் பார்க், பர்ன்கிரீவ் பக்கம் பார்ப்பதே நல்லது. இரவுப் பணி முடித்து நகரைக் கடந்து போகும் வேலை மிச்சம்.

## கவுன்சில் டாக்ஸ்: பின்னால் வரும் பில்

கவுன்சில் டாக்ஸ் என்பது குடியிருப்பவர் நகராட்சிக்குக் கட்டும் வரி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அது கிடையாது. விடுதியில் இந்தப் பேச்சே எழாது. வீட்டில் ஒருவர் படிப்பு முடித்துப் பட்டதாரி விசாவுக்கு மாறினாலோ, வேலைக்குப் போகும் நண்பர் குடிவந்தாலோ விலக்கு போய்விடும். மாணவரல்லாதவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி, மீதி வந்தே தீரும். அதை யார் கட்டுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளாததால் முறிந்த நட்புகள் எனக்குத் தெரியும். தொலைக்காட்சி உரிமமும் அப்படியே. நேரலையோ பிபிசி ஐபிளேயரோ பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல். கூட்டு ஒப்பந்த வீட்டுக்கு ஒன்று போதும், தனித்தனி ஒப்பந்தம் என்றால் அறைக்கு ஒன்று.

## பணம் அனுப்பும் முன்

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். வர முடியாவிட்டால் அங்கே இருக்கும் ஒருவரை நேரில் போய் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கும் பகிர்வு வீட்டுக்கு நகராட்சி உரிமம் கட்டாயம், பட்டியல் நகராட்சியிடம் இருக்கிறது. வீடு உண்மையில் யார் பெயரில் என்று தெரிய, நிலப் பதிவேட்டில் 7 பவுண்டு கட்டினால் போதும். ஆயிரம் பவுண்டு அனுப்பும் முன் அந்த 7 பவுண்டைச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கொடுத்த 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த திட்டத்தில் கட்டி உங்களுக்கு விவரம் தர வேண்டும். அறையைப் பிடித்துவைக்க முதலில் கேட்கும் தொகைக்கு உச்சவரம்பு ஒரு வார வாடகை. அதற்கு மேல் “பதிவுக் கட்டணம்”, “சரிபார்ப்புக் கட்டணம்” என்று எது கேட்டாலும் 2019-லிருந்து அது சட்டவிரோதம். வீட்டுக்காரர் மனம் மாறி உங்களுக்குக் கொடுக்கவில்லை என்றால் அந்த ஒரு வாரத் தொகையை ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.